கண்ணுக்குத் தெரியாத பாறையின் நிழலைப் பிடிப்பது எப்படி: தொலைதூரச் சிறுபொருட்களின் விண்மீன் மறைப்பைப் பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் ஒரு பனிப்பாறை இருபதாம் ஒளித்தரத்தில் (எண் கூடக் கூட மங்கல்) இருந்தால், எட்டு அங்குலத் தொலைநோக்கியில் எவ்வளவு நேரம் கண்ணை வைத்துப் பார்த்தாலும் அது தெரியாது. ஆனால் அதே பாறை ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்துபோனால், அந்த விண்மீன் பத்து இருபது நொடி காணாமல் போய்த் திரும்பி வரும். அதை உங்கள் கருவியில் பதிவு செய்யலாம். எந்த நொடியில் மறைந்தது, எந்த நொடியில் திரும்பி வந்தது என்ற இரண்டு எண்களிலிருந்து பாறையின் அகலத்தைச் சில கிலோமீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடலாம். பெரிய பெரிய தொலைநோக்கிகளால் நேரடியாகப் படம் எடுத்துப் பெற முடியாத துல்லியம் இது.

இந்த வேலைக்கு வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு பெரிய தொலைநோக்கி வேண்டும்?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். முதலில் கேட்க வேண்டியது "என் கடிகாரம் எவ்வளவு சரி?" என்பது. என்னுடைய முதல் நல்ல பதிவில் விண்மீன் அழகாக மறைந்து அழகாகத் திரும்பியது, ஒளி வளைகோடு (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) பாடப்புத்தகத்தில் அச்சடித்ததுபோல இருந்தது. கணினியின் கடிகாரம் இரண்டு நொடிக்கு மேல் தள்ளியிருந்தது, எவ்வளவு என்று எனக்கே தெரியாது. மறைப்பு எத்தனை நொடி நீடித்தது என்பது மட்டும் மிஞ்சியது. பாறை எங்கே இருந்தது என்ற கணக்குக்கு அது உதவவே இல்லை.

முதலில் நிழலைப் புரிந்துகொள்ளுங்கள்

விண்மீன் மிக மிகத் தொலைவில் இருப்பதால் அதன் ஒளி இணைகதிர்களாக வருகிறது. அதனால் பாறையின் நிழல் விரியாமலும் சுருங்காமலும் பாறையின் அதே அளவில் பூமிமேல் விழுகிறது. 500 கிலோமீட்டர் பாறைக்கு 500 கிலோமீட்டர் அகல நிழல். வானில் அந்தப் பொருள் சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும் நாட்களில் இந்த நிழல் நொடிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இதில் பெரும்பகுதி பூமியின் சொந்த வேகம்தான், பாறை பாவம் மெதுவாகத்தான் போகிறது. அதிலிருந்து சில மாதங்கள் தள்ளிப் பார்த்தால் நிழல் வெகுவாக மெதுவாகி, மறைப்பு ஒரு நிமிடத்தைத் தாண்டி நீள்வதும் உண்டு.

நிழல் உங்கள் தலைக்கு மேல் ஓடும்போது நீங்கள் அதன் குறுக்கே ஒரு கோடு வரைகிறீர்கள். அதற்கு நாண் என்று பெயர், பள்ளிக்கூட வட்டத்தில் வரைந்தோமே அதே நாண்தான். மறைப்பு 16 நொடி, வேகம் 25 கிலோமீட்டர் என்றால் உங்கள் நாண் 400 கிலோமீட்டர். வேறு ஒருவர் உங்களுக்கு வடக்கே 100 கிலோமீட்டர் தள்ளி நின்று இன்னொரு நாண் எடுத்தால் வடிவம் தெரியத் தொடங்குகிறது. நீள்வட்டம் ஒன்றைப் பொருத்த ஐந்து எண்கள் தெரிய வேண்டும்: மையம் இரண்டு, அச்சுகள் இரண்டு, சாய்வு ஒன்று. ஒரு நாண் இரண்டு புள்ளிதான் தரும், ஆகவே குறைந்தது மூன்று நாண்கள். தனியாளாகச் செய்ய முடியாத வேலை என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

இப்படிக் கிடைத்தவை சின்ன விஷயங்கள் இல்லை. 1977 மார்ச் 10 அன்று விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியால் ஒரு மறைப்பைப் பார்த்தபோதுதான் யுரேனஸின் வளையங்கள் தெரிந்தன. 2010 நவம்பரில் எரிஸ் என்ற குள்ளக்கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் விட்டம் சுமார் 2,326 கிலோமீட்டர் என்று வந்தது, புளூட்டோவைவிடக் கொஞ்சம் சிறியது. 2013 ஜூன் 3 அன்று தென்னமெரிக்காவில் பார்த்த மறைப்பில், 250 கிலோமீட்டர் அளவே உள்ள சாரிக்லோ என்ற சிறுபொருளுக்கு இரண்டு வளையங்கள் இருப்பது தெரியவந்தது. 2017 ஜனவரியில் ஹௌமியா என்ற குள்ளக்கோளுக்கு ஒரு வளையம். அப்புறம் நெப்டியூனுக்கு அப்பாலுள்ள குவாவார், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எந்த மறைப்பைத் தேர்ந்தெடுப்பது

கணிப்புகளுக்கு இரண்டு மூன்று இடங்கள் போதும். பாரிஸ் வானாய்வகத்தைச் சார்ந்த லக்கி ஸ்டார் திட்டம் நெப்டியூனுக்கு அப்பாலுள்ளவற்றுக்கும் சென்டார்களுக்கும் (வியாழனுக்கும் நெப்டியூனுக்கும் நடுவே சுற்றும் சிறுபொருட்கள்) வரைபடத்தோடு கணிப்பு வெளியிடுகிறது. அக்கல்ட் வாட்சர் என்ற மென்பொருளில் உங்கள் இருப்பிடத்தைக் கொடுத்துவிட்டால், அருகில் வரும் மறைப்புகளை அது பட்டியல் போட்டுத் தரும், வேறு யார் யார் எந்தக் கோட்டில் நிற்கப் போகிறார்கள் என்பதையும் காட்டும். சொந்தமாகக் கணக்கு போட ஆசைப்படுபவர்களுக்கு டேவ் ஹெரால்டின் அக்கல்ட் மென்பொருள் இருக்கிறது. ஆரம்பத்தில் அந்த ஆசை வேண்டாம்.

பட்டியலில் நான் முதலில் பார்ப்பது விண்மீனின் ஒளித்தரத்தை அல்ல, பாதையின் பிழை அளவை. 40 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு) தொலைவில் வானத்தில் ஒரு மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு) பிழை தரையில் 29 கிலோமீட்டர் ஆகிறது. பொருளின் சுற்றுப்பாதை 20 மில்லி ஆர்க்செகண்ட் தெளிவில்லாமல் இருந்தால் நிழல் 600 கிலோமீட்டர் வடக்கேயோ தெற்கேயோ போய்விடும். கையா விண்கலத்தின் விண்மீன் பட்டியல்கள் 2016 முதல் வரத் தொடங்கியபின் விண்மீனின் இடம் ஒரு பிரச்சினையாகப் பெரும்பாலும் இல்லை, பாறையின் பாதைதான் பிரச்சினை. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு: ஒரு பொருள் ஒருமுறை மறைப்பில் சிக்கிவிட்டால் அந்தக் கணத்தில் அது எங்கே இருந்தது என்பது கையாவின் துல்லியத்திலேயே தெரிந்துவிடும், அதனால் அடுத்த கணிப்பு பல மடங்கு கூர்மையாகும். ஆகவே சமீபத்தில் ஏற்கெனவே பிடிபட்ட பொருளின் மறைப்புகளுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

விண்மீனின் தரவில் ஆர்யூடபிள்யூஇ என்ற ஓர் எண் இருக்கும். அது 1.4-க்கு மேல் போனால் கையா அளந்த இடத்தில் சந்தேகம் இருக்கிறது, பெரும்பாலும் அது இரட்டை விண்மீனாக இருக்கலாம் என்று அர்த்தம். அப்படிப்பட்டதை விட்டுவிட வேண்டியதில்லை, கணிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல் இருந்தால் சரி.

ஒளித்தரத்துக்கு வருவோம். 20 சென்டிமீட்டர் தொலைநோக்கியும் இன்றைய சிமாஸ் கேமராவும் இருந்தால் அரை நொடி எக்ஸ்போஷரில் 13 அல்லது 14 வரை எட்டலாம். 30 சென்டிமீட்டர் இருந்தால் நல்ல இருட்டில் 15-ஐத் தொடலாம். இவை தோராயம்தான், உங்கள் வானமும் உங்கள் கேமராவும்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும், அதனால் நிகழ்வுக்கு ஒரு வாரம் முன்பே அதே விண்மீனை அதே எக்ஸ்போஷரில் எடுத்துப் பாருங்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் முக்கியப் பட்டைக் குறுங்கோள்களோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு வசதி உண்டு. பாறை விண்மீனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மங்கலாக இருப்பதால், மறையும்போது விண்மீன் கொஞ்சம் மங்குவதில்லை, முழுசாகவே போய்விடும்.

விண்மீன் அடிவானத்துக்கு மேல் 20 பாகையாவது இருக்க வேண்டும், நிலா அருகில் இருக்கக் கூடாது, அந்தி வெளிச்சம் முழுதாகப் போயிருக்க வேண்டும். இதெல்லாம் சொல்லாமலே தெரியும்.

கருவி

குறைந்த குவிய நீளம், வடிகட்டி எதுவும் இல்லை, கறுப்பு வெள்ளை கேமரா. வண்ணக் கேமரா வைத்திருந்தால் வேலை நடக்கும், ஆனால் ஒளியில் ஒரு பங்கை வீணாக்குகிறீர்கள். குவிய நீளத்தைக் குறைக்கும் லென்ஸ் இருந்தால் போடுங்கள்: விண்மீனின் ஒளி குறைவான பிக்சல்களில் விழும், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து விண்மீன்களும் சட்டத்துக்குள் வரும். இரண்டுக்கு இரண்டு பிக்சலைச் சேர்த்துப் படிக்கும் முறையும் நல்லது.

ஷட்டர் வகையைக் கவனிக்க வேண்டும். ரோலிங் ஷட்டர் கேமராவில் படம் வரிவரியாக எடுக்கப்படுகிறது, அதனால் மேல் வரியில் உள்ள விண்மீனுக்கும் கீழ் வரியில் உள்ள விண்மீனுக்கும் நேரம் வேறு. குளோபல் ஷட்டரில் எல்லா வரியும் ஒரே நேரம். ரோலிங் ஷட்டர்தான் கையில் இருக்கிறதென்றால் உங்கள் விண்மீன் எத்தனையாவது வரியில் இருந்தது என்று குறித்து வையுங்கள், பிற்பாடு திருத்திக்கொள்ளலாம்.

நேரம்

நிழல் நொடிக்கு 25 கிலோமீட்டர் போகிறது என்றால் உங்கள் கடிகாரத்தில் ஒரு நொடிப் பிழை என்பது உங்கள் நாணை நிழல் ஓடும் திசையிலேயே 25 கிலோமீட்டர் நகர்த்திவிடுகிறது. 400 கிலோமீட்டர் பாறையின் ஓரம் பல்லுப்பல்லாகத் தெரிந்தால், அது மலையா பள்ளமா அல்லது யாரோ ஒருவரின் கடிகாரமா என்று யாராலும் சொல்ல முடியாது. இலக்கு பத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவு. நூறில் ஒரு பங்கு என்றால் இன்னும் நிம்மதி.

சிறந்த வழி ஜிபிஎஸ் உள்ள கேமரா. க்யூஹெச்ஒய் 174 ஜிபிஎஸ் போன்றவை ஷட்டர் திறந்த கணத்தையும் மூடிய கணத்தையும் ஒவ்வொரு பிரேமிலும் பதித்துவிடுகின்றன. மறைப்புகளைப் பார்ப்பவர்கள் மத்தியில் அந்தக் கேமரா இவ்வளவு பரவியதற்கு அதுதான் காரணம், அதோடு அது குளோபல் ஷட்டரும்கூட. பழைய வழி, அனலாக் வீடியோ கேமராவின் சமிக்ஞையில் ஜிபிஎஸ் நேரத்தை எழுத்தாகப் பதிக்கும் சிறு பெட்டி. அதுவும் இன்றுவரை நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் 15-ஆம் ஒளித்தர விண்மீனுக்கு அனலாக் கேமராவின் உணர்திறன் பத்தாது.

மூன்றாவது வழி, கணினியின் கடிகாரத்தை என்டிபி என்ற நேர ஒத்திசைவு முறை மூலம் இணையத்தோடு ஒத்திசைப்பது. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கணினியின் கடிகாரம் சில மில்லி நொடிக்குள் சரியாக இருந்தாலும், கேமராவிலிருந்து பிரேம் யூஎஸ்பி வழியாக வந்து சேர்ந்த பிறகுதான் மென்பொருள் அதில் நேரத்தை எழுதுகிறது. அந்தத் தாமதம் கேமராவுக்குக் கேமரா, அமைப்புக்கு அமைப்பு மாறும். அதை அளக்க, ஜிபிஎஸ் தொகுதியின் ஒரு நொடித் துடிப்பால் எரியும் சின்ன எல்இடியைத் தொலைநோக்கியின் முன்னால் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒளி மின்னிய பிரேமில் எழுதியிருக்கும் நேரத்துக்கும் உண்மையான நொடிக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் தாமதம். நிகழ்வின் அன்று பயன்படுத்தும் அதே எக்ஸ்போஷர், அதே பிக்சல் சேர்ப்பு, அதே யூஎஸ்பி வேகத்தில் இதைச் செய்யாவிட்டால் அளந்ததற்குப் பயனில்லை.

ஜிபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொறி. ஜிபிஎஸ் நேரம் 2017 முதல் உலகப் பொது நேரமான யுடிசியைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. இந்த 18-ஐக் கருவி செயற்கைக்கோளிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும், முழுத் தகவல் தொகுப்பும் ஒருமுறை வந்து முடிய 12.5 நிமிடம் ஆகும். கருவியைப் போட்டவுடன் நேரம் தெரிகிறதே என்று பதிவைத் தொடங்கினால் அது பழைய திருத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கலாம், சரியாக முழு நொடிகளில் தவறாக. அரை மணி நேரம் முன்பே ஜிபிஎஸ்ஸை வெட்டவெளியில் போட்டு வையுங்கள்.

எக்ஸ்போஷர் எவ்வளவு

நீளமாக வைத்தால் விண்மீன் பளிச்சென்று வரும், நேரம் மழுங்கும். குறைவாக வைத்தால் நேரம் கூர்மை, விண்மீன் இரைச்சலில் கரையும். என் விதி: விண்மீனின் சமிக்ஞை இரைச்சலைவிடப் பத்து மடங்காவது இருக்கிற மிகக் குறைந்த எக்ஸ்போஷர். அது அரை நொடி என்றால் ஒரு பிரேமுக்குள் நிழல் 12.5 கிலோமீட்டர் நகர்ந்துவிடும், ஆனால் பயப்பட வேண்டாம், விண்மீன் பிரேமின் நடுவே மறைந்தால் அந்தப் பிரேம் பாதி ஒளியோடு இருக்கும், அந்தப் பாதியிலிருந்து மறைந்த கணத்தை இன்னும் நுணுக்கமாகக் கணக்கிடலாம். பிரேம்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் அந்த வித்தை பலிக்காது, ஏனென்றால் மறைவு அந்த இடைவெளியில் நிகழ்ந்துவிடலாம்.

ஒளி விளிம்பில் வளைவதால் வரும் மங்கல் பற்றி யாராவது பயமுறுத்தினால்: 40 வானியல் அலகில் அந்த அளவு 1.3 கிலோமீட்டர், அதாவது 0.05 நொடி. அரை நொடி எக்ஸ்போஷரில் அது தெரியவே தெரியாது. மெதுவாக, பல நொடி எடுத்துக்கொண்டு மங்கினால் அது வேறு கதை. புளூட்டோவின் வளிமண்டலம் 1988-இல் அப்படித்தான் உறுதியானது.

அந்த இரவு

இரண்டு மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். முதல் அரைமணி எதுவும் வேலை செய்யாது, அது எப்போதும் அப்படித்தான். குவியத்தைச் சரிசெய்து, எடுத்த படத்தை வானவரைபடத்தோடு தானாகப் பொருத்தும் மென்பொருளால் இடத்தைக் கண்டுபிடித்து, பின் கண்ணாலும் வரைபடத்தை ஒப்பிட்டு இதுதான் அந்த விண்மீன் என்று உறுதி செய்யுங்கள். இரண்டையும் செய்யுங்கள். பக்கத்து விண்மீனைப் பத்து நிமிடம் அருமையாகப் பதிவு செய்த ஆட்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன்.

தொலைநோக்கியின் தாங்கி நடுவானக் கோட்டைத் தாண்டிப் புரளும் நேரம் நிகழ்வின்மேல் விழுகிறதா என்று பார்த்து, விழுந்தால் முன்பே புரட்டிவிடுங்கள். படப்பிடிப்பு மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் தொலைநோக்கியைச் சற்று நகர்த்தும் வசதி இருந்தால் அணையுங்கள். கணினியின் தானியங்கிப் புதுப்பிப்பு, தூக்க நிலை இரண்டையும் அணையுங்கள். வட்டில் இடம் இருக்கிறதா? 1920-க்கு 1200 பிக்சல், 16 பிட், நொடிக்கு இரண்டு பிரேம் என்றால் இருபது நிமிடத்தில் 11 ஜிபி. எஸ்இஆர் அல்லது ஃபிட்ஸ் வடிவில் சேமியுங்கள், சுருக்கப்பட்ட வீடியோ வடிவம் எதுவும் வேண்டாம், அது மங்கலான விண்மீனைத்தான் முதலில் தின்னும். சோதனைக்கு இரண்டு நிமிடம் பதிந்து, பிரேம்கள் விட்டுப்போகின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

பதிவைக் கணித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு தொடங்கிப் பத்து நிமிடம் பின்பு நிறுத்துங்கள். இருபது நொடி நிகழ்வுக்கு இருபது நிமிடமா என்று சலிப்பாக இருக்கும். யுரேனஸின் வளையங்கள் கோள் மறைப்பதற்கு வெகு முன்பே தெரிந்த சின்னச் சின்னப் பள்ளங்களாகத்தான் பதிவாயின, சீக்கிரம் தொடங்கியிருந்ததால்தான் அவை கிடைத்தன. 4,100 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வளையத்தை நொடிக்கு 25 கிலோமீட்டரில் கடக்க வேண்டுமென்றால் அது மையத்துக்கு 164 நொடி முன்னும் பின்னும் வரும்.

பதிவு ஓடும்போது எதையும் தொடாதீர்கள். மேகம் வந்தால், காற்று அடித்தால், யாராவது விளக்கைப் போட்டால், நேரத்தைக் காகிதத்தில் எழுதுங்கள்.

பிறகு

டாங்ரா அல்லது பைமூவி என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து, உங்கள் விண்மீனையும் பக்கத்தில் இரண்டு மூன்று விண்மீன்களையும் சேர்த்து அளந்து ஒளி வளைகோடு போடுங்கள். எல்லா விண்மீனும் ஒன்றாகச் சரிந்தால் அது மேகம். உங்களுடையது மட்டும் செங்குத்தாக விழுந்து, தட்டையாகக் கிடந்து, செங்குத்தாக எழுந்தால், கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். பையோட் என்ற மென்பொருள் மறைந்த நேரத்தையும் மீண்ட நேரத்தையும் பிழை அளவோடு தரும். பிரேமில் உள்ள நேரம் எக்ஸ்போஷரின் தொடக்கமா, நடுவா, முடிவா என்பதை அறிக்கையில் எழுதாவிட்டால் படிப்பவர் ஊகிக்கத்தான் வேண்டும். ஒரே ஒரு பிரேம் மட்டும் தாழ்ந்திருந்தால் உணர்ச்சிவசப்பட வேண்டாம், பெரும்பாலும் அது காற்றின் சிமிட்டல்தான்.

மறைப்பு நிகழவில்லையென்றால்? அதையும் அனுப்புங்கள், அதே கவனத்தோடு. நிழலின் வெளியே நின்ற ஒருவர் தெளிவாக "இங்கே மறையவில்லை" என்று சொன்னால், பாறை அதற்குமேல் நீளாது என்று எல்லை கிடைக்கிறது. நெப்டியூனுக்கு அப்பாலுள்ள அரோகோத் என்ற சிறு பாறைக்கு 2017 ஜூன் 3 அன்று இரண்டு கண்டங்களில் தொலைநோக்கிகளைப் பரப்பியும் பாறை யாருக்கும் சிக்கவில்லை. ஜூலை 17 அன்று அர்ஜென்டினாவில் நிறுத்திய 24 தொலைநோக்கிகளில் ஐந்துக்குச் சிக்கியது. அந்த ஐந்து நாண்களிலேயே இரண்டு உருண்டைகள் ஒட்டிய வடிவமாக இருக்கலாம் என்பது தெரிந்துவிட்டது, 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அருகே போய் எடுத்த படமும் அதையே காட்டியது.

அறிக்கையை அந்தக் கணிப்பை வெளியிட்ட குழுவுக்கோ ஐயோட்டா என்ற பன்னாட்டு மறைப்பு நேர அளவீட்டு அமைப்பின் உங்கள் பகுதி ஒருங்கிணைப்பாளருக்கோ அனுப்பலாம். இருப்பிடம் ஜிபிஎஸ் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றும் சேர்த்து. மேகம் மூடிவிட்டதென்றால் மேகம் என்றே எழுதுங்கள், "மறையவில்லை" என்று எழுதிவிடாதீர்கள், இரண்டுக்கும் கணக்கில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பழகுவதற்கு நெப்டியூனைத் தாண்ட வேண்டாம். முக்கியப் பட்டைக் குறுங்கோள்களின் மறைப்புகள் அடிக்கடி வரும், விண்மீன்களும் பிரகாசமானவை, பாதையும் பெரும்பாலும் நம்பகமானது. ஐந்தாறு செய்து பார்த்துவிட்டு, கடிகாரம் சரியென்று உங்களுக்கே நம்பிக்கை வந்தபின் தொலைவுக்குப் போங்கள்.

கடைசியாக, மூலப் பதிவை அழிக்காதீர்கள். குவாவாரின் வளையம் ஒரே இரவில் கிடைத்ததல்ல, 2018 முதல் 2021 வரையான பல மறைப்புகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகுதான் 2023-இல் அதை அறிவித்தார்கள். அவற்றில் ஆஸ்திரேலிய அமெச்சூர்களின் பதிவுகளும் இருந்தன. ஒளி வளைகோட்டை மட்டும் வைத்துக்கொண்டு 11 ஜிபியை அழித்துவிட்டால், நான்கு வருடம் கழித்து யாராவது "அன்று 160 நொடி முன்னால் ஒரு சின்னப் பள்ளம் இருந்ததா, பாருங்களேன்" என்று கேட்கும்போது பார்க்க எதுவும் இருக்காது. பதிவு இருக்கும் அதே கோப்புறையில் ஓர் உரைக்கோப்பு போட்டு, கேமரா, எக்ஸ்போஷர், அளந்த தாமதம், இருப்பிடம், காகிதத்தில் எழுதிய மேகக் குறிப்பு எல்லாவற்றையும் அன்றிரவே தட்டச்சு செய்துவிடுங்கள். காலையில் பாதி மறந்துபோயிருக்கும்.